சோளக் காபி

மாமாவின் எனாமல் குவளைக்கு நீலக் கரை. கைப்பிடிக்கு அருகே எனாமல் பெயர்ந்து கறுத்த ஒரு வட்டம். அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பிடித்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு, நான் மருமகளாக வந்தபோதே பெயர்கள் நழுவத் தொடங்கியிருந்தன. என்னை ஒருநாள் தங்கச்சி என்பார், மறுநாள் டீச்சரம்மா என்பார். காபி உள்ளே போனதும் தெளிந்துவிடுவார். குளித்து, திருநீறு பூசி, ஜாலான் புசார் சாலை வரை காலாற நடந்துவிட்டு வருவார். அவருடைய நாள் முழுவதும் அந்தக் குவளையில்தான் மாட்டியிருந்தது என்பது, காபி இல்லாமல் போனபிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று, சீனி போயிற்று, காபிக்கொட்டையும் போயிற்று. மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலத்தை ஓட்டினோம். நான் சோளத்தைக் கருக வறுத்து, இடித்து, கொதிக்கவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "காபி இன்னும் ஆகலையாம்மா?" என்றார். மத்தியானமும் அதே கேள்வி, சாயங்காலமும் அதே கேள்வி. அவருக்குப் பொழுதே விடியவில்லை. குளிக்க மறந்தார், வேட்டி மாற்ற மறந்தார். பிறகு ஒருநாள் காபிக்கடையைத் தேடித் தனியே கிளம்பிவிட்டார்.

சந்தி முனையில் ஜப்பானியச் சிப்பாய் காவல் நின்றான். அவனைக் கடப்பவர்கள் இடுப்பு வளையக் குனிந்தாக வேண்டும். மாமாவுக்கோ சண்டை நடந்ததே நினைவில்லை. நிமிர்ந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றிருக்கிறார். பார்த்தவர்கள்தான் அழைத்துவந்தார்கள். வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எங்க இடிச்சுக்கிட்டேன்னு தெரியலையே" என்றார்.

என் கணவர் அன்றே ஒரு பூட்டு கொண்டுவந்தார். "மறுபடி போனா சுட்டுடுவான். அப்பா உள்ளேயே இருக்கட்டும்."

"உள்ளேயே வச்சா நம்மளையும் மறந்துடுவாருங்க."

"மறந்தாலும் உயிரோட இருப்பாருல்ல?"

பூட்டை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டினேன். ஆனால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. இந்த மனிதர் எதைத்தான் மறக்கவில்லை என்று யோசித்தேன். பிள்ளையாரை மறக்கவில்லை! சிராங்கூன் ரோட்டில் பிள்ளையார் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் செருப்பை உதறிவிட்டு, இரண்டு கைகளாலும் நெற்றியில் குட்டிக்கொண்டு குனிவார். அதற்கு ஞாபகம் வேண்டியதில்லை. கை தானாகப் போகும்.

மறுநாள் காலை சோளக் காபியைக் குவளையில் ஊற்றி, அவர் கட்டைவிரலைக் கறுத்த வட்டத்தில் நானே எடுத்து வைத்தேன். பிறகு கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனேன். சந்தி நெருங்கியது. "மாமா, பிள்ளையார்!" என்று சொல்லிவிட்டு நான் முதலில் குனிந்தேன். மாமாவின் செருப்பு கழன்றது. குட்டிக்கொண்டார். குனிந்தார். சிப்பாயின் கை துப்பாக்கிக்குப் போனது. அவன் சிரித்தான். போ என்று முகவாயால் காட்டினான்.

கொஞ்சதூரம் போனதும் மாமா கேட்டார்: "புதுக் கோயிலாம்மா? கூட்டத்தையே காணோமே."

எதிர்வீட்டு அக்கா இதைக் கேட்டு, "விட்டா உன் மாமனார் அவனுக்குக் கும்பாபிஷேகமே பண்ணிடுவார் லா" என்றார். பூட்டு ஆணியிலேயே தொங்கியது. காவலுக்கு ஆட்கள் மாறினார்கள். எல்லோரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன். பெயர்கள் அவருக்குத் திரும்பவில்லை. ஆனால் காலைகள் திரும்பின. குடித்தார், குளித்தார், நடந்தார். காபி ஆகவில்லையா என்று கேட்பதை எப்போது விட்டார் என்பதை நான் கவனிக்கவேயில்லை.

சண்டை முடிந்து, ஒருநாள் என் கணவர் காபித்தூள் பொட்டலத்தோடு வந்தார். நான் போட்ட காபி வாசலின் ஐந்தடி நடைபாதை வரை மணத்தது. அப்பா இப்போது விழித்துக்கொள்வார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று மாமாவின் எதிரே உட்கார்ந்து அவர் காத்திருந்தார். மாமா ஒரு வாய் குடித்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"காபி இன்னும் ஆகலையாம்மா?"

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்துபோய்ச் சோளத்தை வறுத்தேன். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மாமா நடக்கக் கிளம்பினார். சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. நான் எதுவும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, குட்டிக்கொண்டு குனிந்தார். என் தலையும் குனிந்திருந்ததை நிமிர்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

இப்போது கடைக்குக் கடை காபித்தூள் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் காலையில் இரண்டு அடுப்பு எரிகிறது. ஒன்றில் எங்களுக்குக் காபி. இன்னொன்றில், நீலக் கரைக் குவளைக்காகச் சோளம் கருகுகிறது.