பாய் என்னிடம் கொடுத்த கஜல் நோட்டு

தாராவியில் ஒரு தோல் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தோல்களைத் தரம் பிரித்தவர் ஒரு உருதுக் கவிஞர். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வீட்டில் உருது, வெளியில் தமிழ். ஆட்டுத்தோலில் எங்கே கத்தி பட்டிருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். எல்லோருக்கும் அவர் பாய்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கஜல் எழுதுவார். திருநெல்வேலியிலிருந்து வந்து நாலு வருஷமே ஆகியிருந்த எனக்கு அந்த உருது பாதிதான் புரியும். இரண்டிரண்டு அடிகள், ஒவ்வொன்றும் தனிக் கவிதை, ஆனால் எல்லாம் ஒரே சொல்லில் வந்து முடியும்.

ஒருமுறை பைகுல்லாவில் கவிஞர்கள் கூடி வாசித்த முஷாயிராவுக்கு என்னையும் கூட்டிப்போனார். அவர் வாசித்தபோது, வடக்கத்திக் கவிஞர் ஒருவர் அவருடைய தெற்கத்தி உச்சரிப்பை அப்படியே சொல்லிக் காட்டினார். சபை சிரித்தது. பாய் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். திரும்பும்போது ரயிலில், "காதால கேட்டாத்தான் சிரிப்பானுங்க தம்பி. புஸ்தகமா வந்தா எவன் சிரிப்பான்?" என்றார். பதினோரு வருஷத்துக் கஜல்கள் ஒரே நோட்டில் இருந்தன. பிரதி கிடையாது.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் கலவரம் மூண்டது. மனைவியையும் கைக்குழந்தையையும் முஸ்லிம்கள் நிறைந்த பேண்டி பஜாரில் சொந்தக்காரர் வீட்டில் விடப் பாய் கிளம்பினார். வழியில் யாராவது நிறுத்தினால் உருது நோட்டே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். என் வீட்டுக்கு வந்து, "இது உன்கிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பிற்பகல் எங்கள் சந்தில் ஒரு கூட்டம் தடிகளோடு நுழைந்தது. முஸ்லிம்களை யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். என் மனைவி நிறைமாத கர்ப்பிணி. நான் நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு பின்வழியாக ஓடி, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டேன். திரும்பி வருவதற்குள் அவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிருந்தார்கள். உள்ளே நுழையவே இல்லையாம்.

இரண்டு வாரம் கழித்துப் பாய் வந்தார். "நோட்டு?" என்றார்.

"தூக்கிட்டுப் போய்ட்டானுவ பாய்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க வீட்ல எல்லாரும் நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கதவைத் திறந்துவைத்துப் போனவனைத் தேடி வீடே தெருத்தெருவாக அலைகிறது என்று ஒன்று. முதல் அடி வரும், இரண்டாவது வராது. கண்ணை மூடி, தோலைத் தடவுவதுபோலத் தொடையைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள், "என்னைக்காவது பழைய பேப்பர் கடையில கிடைக்கும்டா. ஞாயித்துக்கிழமை குர்லாப் பக்கம் போய்ப் பார்த்தேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "கிடைக்காது பாய். யாரும் எடுக்கல. பயந்துபோய் நாந்தான் சுண்ணாம்புத் தொட்டியில போட்டேன்."

தொடையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தார். பிறகு, "முழுகிச்சா, மிதந்துச்சா?" என்றார்.

"மிதந்துச்சு. கம்பால அழுத்தினேன்."

தலையை ஆட்டிவிட்டுத் தோல்களிடம் போனார். அதன்பின்னும் காலையில் என்னைப் பார்த்தால் சலாம் சொல்வார்; எனக்கு மகள் பிறந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆனால் என்னெதிரே ஒரு அடியும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விடுவார்.

தேசம் பிரிந்தபின் அவருடைய சொந்தக்காரர்கள் கராச்சிக்குக் கப்பலேறினார்கள். பாய் போகவில்லை, குடும்பத்தோடு ஆம்பூருக்குத் திரும்பினார். அங்கிருந்து தமிழில் ஒரே ஒரு கார்டு வந்தது: வேலை கிடைத்துவிட்டது, இரண்டாவதும் பையன். எழுதுகிறாரா என்று கேட்டுப் பதில் போட மூன்று முறை உட்கார்ந்தேன். கடைசியில் குழந்தைகளை மட்டும் விசாரித்து அனுப்பினேன்.