டிவிக்குள் நின்ற சித்தேரி பஸ்

எண்பதுகளின் பின்பாதியில், தர்மபுரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கு முதல்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைக் கற்றுக்கொண்டு வர, தலைமையாசிரியையான சிஸ்டர் என்னைத்தான் சேலத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். பெரிய தகுதி ஒன்றும் இல்லை. மற்ற டீச்சர்களுக்கு வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தன, எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். டிவியோடு இணைத்தால், தட்டுகிற எழுத்து டிவியில் தெரியும். தட்டியதைச் சேமித்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டரும் கேசட்டும். பிளஸ் ஒன் வகுப்புக்கு முதலில் வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தார்கள். அடுத்து, திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரு கோடு இழுத்தேன். வகுப்பே பெஞ்சைவிட்டு எழுந்து வந்துவிட்டது.

"டீச்சர், இதுல படம் வரையலாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சித்தேரி மலைக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண். வகுப்பில் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"என்ன படம் வரையணும்?"

"எங்க ஊரு பஸ்ஸுங்க."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மயில் என்றாள் ஒருத்தி, மாதா கோயில் என்றாள் இன்னொருத்தி. எனக்கோ மயிலை நினைத்தாலே பயமாக இருந்தது. பஸ் என்றால் நேர்கோடு. அதனால் பஸ்ஸே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கிராஃப் தாள்களை ஒட்டி அதில் பஸ்ஸை வரைந்தாள். எந்த மூலை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று மற்றவர்கள் எண்ணிச் சொல்ல, ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண்கள் தட்டினோம். கூரை வந்தது, ஜன்னல்கள் வந்தன, மேலே ஏற ஏணியும் வந்தது. சக்கரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். "போன மாசம் படிச்சமே சைன், காஸ், அதுக்குத்தான் இப்ப வேலை" என்று பெருமையாக எழுதிக்கொடுத்தேன். வந்ததோ சக்கரம் இல்லை, முள்ளுப் புதர். கம்ப்யூட்டருக்குக் கோணத்தை ரேடியனில் கொடுக்க வேண்டும், நான் டிகிரியில் கொடுத்திருந்தேன். அது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், பஸ்ஸு பஞ்சருங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சக்கரம் உருண்டையாக வந்த அன்று எல்லாவற்றையும் கேசட்டில் ஏற்றி, பீரோவில் வைத்தேன். கிறிஸ்துமஸ் விழாவுக்கு வரும் பெற்றோர்களுக்கு அதைக் காட்டுவதாகத் திட்டம்.

விழாவுக்கு முந்தின நாள் கேசட்டைப் போட்டோம். திரையில் ஒன்றும் வரவில்லை. டேப் ரெக்கார்டரில் காதை வைத்துக் கேட்ட சித்தேரிப் பெண், "டீச்சர், பஸ்ஸுக்குள்ள யாரோ பாடறாங்க" என்றாள்.

பாட்டு ஒத்திகையைப் பதிவு செய்ய ஒரு கேசட் தேடி, சிஸ்டர் பீரோவைத் திறந்திருக்கிறார். எங்கள் பஸ்ஸின் மேல் பாடகர் குழு முழுதாக ஏறி உட்கார்ந்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் சிஸ்டர் ஓடி வந்தார். "ஐயோ, வெறும் கேசட்டுன்னு நெனச்சனேம்மா!" சித்தேரிப் பெண் அழுவாள் என்று பயந்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த கிராஃப் தாள்களைப் பிரித்து எடுத்து வந்தாள். "எண்ணு எல்லாம் இதுல இருக்குதுங்க. யாராவது படிச்சுச் சொன்னா நான் அடிச்சிருவேன்."

சிஸ்டரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெபமாலை சொல்கிற அதே குரலில் எண்களை வாசித்தார். இவள் தட்டினாள். நடுவில் தவறாக வாசித்து ஒரு ஜன்னல் கூரைக்கு மேலே போனபோது, அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலத்துக்குள் பஸ் திரும்ப வந்துவிட்டது.

மறுநாள் மலையிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். வகுப்பில் பஸ் திரையில் வந்ததும் மற்ற பெற்றோர்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும் திரைக்குக் கிட்டத்தில் போய் நின்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார்.

"ஏன் சாமி, பஸ்ஸுல ஒருத்தரையும் காணமே?"

உண்மைதான். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சக்கரத்துக்கு எழுதிய வரிகளையே திரும்பத் தட்டி, அளவை மட்டும் குறைத்தாள். ஒரு ஜன்னலில் குட்டியாக ஒரு தலை வந்தது.

"இது நீதாம்மா."

"நானா! பக்கத்துல உங்கப்பனையும் குந்த வெய்யி. ராகி அறுப்பு, வர முடியலன்னு வூட்டுல மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்குது."

அப்பாவும் ஏறினார். அவ்வளவுதான், கூட்டம் முண்டியடித்தது. இண்டூரிலிருந்து வந்த ஒரு அப்பா தனக்கு முன் சீட்டு கேட்டார். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா, குழந்தைக்குத் தனியாக ஒரு புள்ளி கேட்டார். "சிஸ்டர டிரைவர் சீட்டுல போடுடி" என்று பிள்ளைகள் கத்த, சிஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்றபடியே அவள் தட்டுவதைக் குனிந்து பார்த்தார். ஜன்னல்கள் நிரம்பியதும் ஆட்கள் கூரையில் ஏறினார்கள். சித்தேரி பஸ் எப்போதும் அப்படித்தான் போகும் என்று அவள் அம்மா சாட்சி சொன்னார்.

விழா முடிந்து, லீவுக்கு அம்மாவோடு கிளம்பியவள் கேட் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

"டீச்சர், லீவு முடிஞ்சு வந்து ஹெட்லைட் போடலாங்களா?"

ஜனவரியில் போட்டோம்.