இரண்டு தலை குறைந்தது

படப்பையிலிருந்து எங்கள் யாத்திரைக் கூட்டத்தை வேனில் அழைத்துப்போனவர், மற்ற நாட்களில் ஒரகடம் தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்பவர். காக்கிச் சட்டை, அடர்ந்த மீசை. எங்கே நிறுத்தினாலும், வண்டியை எடுப்பதற்கு முன் விரல் நீட்டி எல்லாத் தலைகளையும் எண்ணுவார்.

குறைமாதத்தில் பிறந்த என் மகன் பிழைத்தால், தீவில் இருக்கும் அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுவருவதாக நேர்ந்திருந்தேன். அந்தத் தீவில் காற்று அதிகம் என்று படித்துவிட்டு, ஒரு நாள் பயணத்துக்கு அவனுக்கு மூன்று ஸ்வெட்டரும் நான்கு குரங்குக் குல்லாவும் எடுத்து வைத்தேன். ஆனால் படகு ஆடியதைப் பார்த்ததும் மகனோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படகில் ஏறியவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு வேன்காரர் இறங்கி வந்தார்.

"ரெண்டு தல கொறையுது. இன்னாம்மா?"

"காத்து பலமா இருக்குண்ணா. குழந்தைக்கு ஒத்துக்காது."

"கொயந்த சிரிச்சிகினு கீது. பயம் உனக்கு. அவன எங்கைல குடு, கோயில காட்டி இட்டாறேன். நீ இங்கயே குந்திகினு நல்லா பயந்துகினு இரு."

கடலைவிட அது பயங்கரமாக இருந்தது. மகனை அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.

வேண்டுதல் நிறைவேறியது. தீவில் ஒரு குல்லாவைக் காற்று பிடுங்கிப்போனது. மகன் கைதட்டினான், ஒரு தும்மல்கூட இல்லை.

அவரோ போகும்போதும் வரும்போதும் கண்களை இறுக மூடி, இரு கைகளாலும் படகின் பலகையைப் பிடித்திருந்தார். அந்தக் கைகளில்தான் குழந்தையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்!

வேனில் மறுபடி எண்ணி, "கரெக்டா கீது" என்றார். இவ்வளவு பயம் உள்ளவர் கரையிலேயே இருந்திருக்கலாமே, ஏன் வந்தார் என்று கேட்க நினைத்தேன். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.