பச்சை நிறச் சந்து

எந்தத் தெருவில் எவ்வளவு மழைத்தண்ணீர் ஏறும் என்று பார்த்து வரைபடத்தில் நிறம் பூசுவது என் வேலை. சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பயமில்லை. செம்பூர் அலுவலகத்தில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்தே பூசிவிடலாம். தாராவிக்குள் மட்டும் நேரில் போக வேண்டியிருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அங்கே தகரக் கூரைகளைத் தவிர ஒன்றும் தெரியாது.

என் சித்தி இருக்கும் சந்து என்பதால் நானே வலியக் கேட்டு வாங்கினேன். பெருமைதான், வேறென்ன. போன மழையில் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வீடுவீடாகக் கேட்டேன். "கணுக்கால் அளவுதான்" என்றார்கள் எல்லோரும். செல்போனில் பதிந்துகொண்டே போனேன். சித்தி வீட்டில் மட்டும் கேட்கவில்லை. சொந்தச் சித்தியிடம் போய்ப் படிவம் நிரப்புவதா? டீயும் முறுக்கும் சாப்பிட்டுவிட்டு, அக்கம்பக்கத்து அளவையே அவளுக்கும் போட்டேன்.

சந்து முழுக்கப் பச்சையாக வந்தது.

சித்தப்பா வாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். மழைக்கு முன் அவரைக் காட்கோபரில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று சித்தி கேட்டாள். வரைபடத்தைக் காட்டி, "வேண்டாம் சித்தி, இங்க பயமில்ல" என்றேன். படித்தவன் சொல்கிறான், இந்த வருஷம் தண்ணீர் ஏறாது போல என்று விட்டுவிட்டாள்.

ஜூலையில் ஒரு நாள் விடிந்ததிலிருந்தே மழை கொட்டியது. பெரிய கடல் ஏற்றமும் அன்றைக்குத்தான்; கடல் ஏறி நிற்கும்வரை ஊர்த் தண்ணீர் வடியாது. ரயில் நின்றுபோக, மாட்டுங்காவிலிருந்து நடந்தே சித்தி வீட்டுக்குப் போனேன். சந்தில் தண்ணீர் இழுத்தது. ஒதுங்குவதற்காகப் பக்கத்து வீட்டு வாசலில் ஏறினேன். நிலை நெற்றியில் இடித்தது.

"குனிஞ்சு வாங்க தம்பி. மூணு தடவ பர்னி போட்டாச்சுல்லா" என்றார் அந்த வீட்டுக்காரர்.

செங்கல் உடைசலைக் கொட்டித் தரையை உயர்த்துவதுதான் பர்னி. நெற்றியைத் தடவியபடி அப்படியே நின்றுவிட்டேன். கணுக்கால் என்று அவர்கள் சொன்னது உயர்த்திய தரைக்கு மேலே. உயர்த்தாத வீட்டில் அதே தண்ணீர் இடுப்புக்கு வரும். படுத்திருப்பவரை வேலை முடியும்வரை வைக்க இடமில்லாமல் சித்தி மட்டும் பர்னியே போடவில்லை. அவள் வீட்டுக்கு இரண்டு படி இறங்கித்தான் போக வேண்டும். எத்தனை தடவை இறங்கியிருப்பேன்!

இறங்கினேன். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. கட்டில் கால்களுக்கு அடியில் சித்தி செங்கல் அடுக்கியிருந்தாள். சித்தப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலறைக்குப் போக வெளியே செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான்; அதில் அவரை ஏற்ற முடியாது.

சித்தி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"நீதானய்யா பச்சைன்னு சொன்ன? அப்ப இது வடிஞ்சிரும்லா?"

கடல் ஏற்றம் உச்சத்துக்கு வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.