தம்பி சிலோனில் இருந்த வாரம்

நான் ஐந்தாவதோடு நின்றவள். என் தம்பி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கலை நிகழ்ச்சிக்காகச் சிலோனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் அங்கே இருந்த வாரத்தில் எங்கள் நைனா செத்துப்போனார். அந்த வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்னும் வருஷத் திதிகூட வரவில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போக வேண்டுமானால் ஏரியைப் படகில் தாண்டி, பஸ் ஏறி, அதற்கப்புறமும் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகளை யாரும் அவ்வளவு தூரம் அனுப்புவதில்லை. நான் இறால் ஏஜெண்ட் கொட்டகையில் இறாலுக்குத் தலை கிள்ளும் வேலைக்குப் போனேன். தம்பி போனான், வந்தான், பாஸ் ஆனான். நைனாவுக்கு அதில் அவ்வளவு பெருமை.

சிலோன் பயணம் வந்தது நைனாவின் பாட்டால்தான். கடல் பக்கம் பெரிய வலை இழுக்கும்போது ஆண்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். எங்கள் குப்பத்தில் முதல் வரி சொல்கிறவர் நைனா. தம்பியுடைய தமிழ் வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு ஏறி வந்து, கரையில் நின்று அதைக் கேட்டார். மறு வாரமும் வந்தார். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்து அதை ஒரு நிகழ்ச்சியாக ஆக்கிவிட்டார். அட்டையில் துடுப்பு, காகிதத்தில் மீன். கயிறு மட்டும் நிஜக் கயிறு, நைனா கொடுத்தது. முதல் வரி சொல்கிறவன் தம்பி.

சிலோனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் கூப்பிட்டிருந்தது. கோலாட்டம் ஆடும் பெண் பிள்ளைகள், நாடகம் போடும் பிள்ளைகள், எங்கள் அம்பா கோஷ்டி, தமிழ் வாத்தியாரையும் சேர்த்து இரண்டு வாத்தியார்கள், ஒரு டீச்சர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட் என்று தம்பி சொன்னான். ரயிலில் ராமேஸ்வரம் போய், அங்கிருந்து கப்பல்.

அம்மாவுக்கு இஷ்டம் இல்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நைனா கேட்கவில்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள்.

"டேய், எங்க பாட்ட சிலோன்ல வித்துட்டு வரப் போறியா? ஆளுக்கு ஒரு பங்கு எட்த்து வெய்யி."

"காய்தத்துல மீனாமே. அத்த வெச்சி கொழம்பு வெப்பானுங்களா அங்க?"

நைனாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தோம். ரயில் போன பிறகும் நைனா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, காலையில் நைனா ஏரியில் இறால் வலை போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாராம். கூட இருந்தவர்கள் வலை சிக்கிவிட்டது, குனிந்து எடுக்கிறார் என்று நினைத்தார்கள். நிமிரவில்லை. படகில் போட்டு வரும்போதே உயிர் இல்லை. கொட்டகைக்கு ஆள் வந்து என்னைக் கூப்பிட்டபோது என் கையில் இறால் இருந்தது. அதைக் கீழே போட்டேனா, கூடையில் போட்டேனா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். ஊருக்குள் பிணம் கிடந்தால் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. ஏரியிலும் சரி, கடலிலும் சரி, ஒரு வலைகூட இறங்காது. அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பும் எரியாது. அதனால் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள். காலையில் செத்தால் மத்தியானம் எடுத்துவிடுவார்கள். எடுத்து, குளித்து, வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றன்றைக்குப் பிடித்தால்தான் அன்றன்றைக்குச் சாப்பாடு. அதில் யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை.

ஆனால் நைனாவுக்கு ஒரே மகன். கொள்ளிச் சட்டி எடுக்க வேண்டியவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அம்மா அழுதுகொண்டே அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

பஞ்சாயத்தார் கோயில் பக்கத்தில் கூடினார்கள். என் மாமா, அம்மாவுடைய தம்பி, ராமேஸ்வரத்தில் வேலை பார்த்தவர். இன்றைக்கே தந்தி போனால், நாளைக் காலைக் கப்பலில் ஏறினால், ராத்திரி ரயில் பிடித்தால், மூன்றாம் நாள் மத்தியானம் பையன் இங்கே இருப்பான் என்று விவரமாகச் சொன்னார். அதுவரைக்கும் ஊர் முழுக்க வலையை மடித்து வைக்க வேண்டும். இறால் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

நைனாவோடு சின்ன வயசிலிருந்து ஒரே படகில் போனவர் ஒருவர் எழுந்து, இவ்வளவு நாள் யாருக்கும் செய்யாததை இப்போது ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டார். அவருக்கு ஆறு பிள்ளைகள். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பெரிய பஞ்சாயத்துக்காரர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் புள்ள ஊரு சுத்திப் பாக்கவா போச்சி? நம்ம பாட்ட எட்த்துக்கினுதான் போச்சி. நாளிக்கி உன் புள்ள போனாலும் காத்துக்கினுதான் இருப்போம். வலைய எறக்க வேணாம்."

மாமா படகைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது ஹெட்மாஸ்டருக்குத்தான் தெரியும். அவரே கூட வந்து தந்தி கொடுத்தார். நைனா இறந்துவிட்டார், பையனை உடனே அனுப்புங்கள் என்று நேராகவே கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்களாம்.

உடம்பை வைப்பதற்கு ஐஸ் வேண்டும். இறால் ஏஜெண்ட் கொடுத்தார். இறால் வரப்போவதில்லை, ஐஸ் சும்மாதான் கரையப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். படகில் மரத்தூள் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். அதை வைக்கத் தெரிந்தவள் நான்தான். கொட்டகையில் தினமும் செய்கிற வேலை அது. பெரிய கட்டிகளைக் கீழே பரப்ப வேண்டும். உடைத்த தூளைப் பக்கங்களில் அடைக்க வேண்டும். கரைந்த தண்ணீர் தேங்கினால் கெட்டுவிடும், ஒரு பக்கம் சாய்த்து வடிய விட வேண்டும். நைனாவுக்கும் அப்படியே செய்தேன். அவரைக் கிடத்தியிருந்த பலகையின் ஒரு முனையில் செங்கல் வைத்துத் தூக்கினேன். அவர் கழுத்துக்குக் கீழே தூளை அடைக்கும்போது என் விரல் மரத்துப்போய்விட்டது. மரத்துப்போன கையால் தொட்டால் அவரும் இறாலும் எனக்கு ஒரே மாதிரி இருந்தது. இதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை.

முதல் நாள் ஊரே எங்கள் வீட்டு வாசலில் இருந்தது. இரண்டாம் நாள் ஆண்கள் கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துப் படகுகள் எங்கள் கண் முன்னாலேயே இறாலை அள்ளிக்கொண்டு போயின. பக்கத்து வீட்டுக் குழந்தை பசியில் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. அந்த அம்மாள் அதன் வாயைப் பொத்தியதும் தெரிந்தது. எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று பொத்தினாள். உறவுக்காரர்கள் அடுத்த குப்பத்திலிருந்து கொண்டுவந்த சோற்றை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போதே மாமா பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நான் ஐஸ் மாற்றிவிட்டுப் படகுத்துறைக்குப் போய் நின்றேன். படகு வரும்போதெல்லாம் தம்பியின் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை தெரிகிறதா என்று பார்த்தேன். மத்தியானப் படகில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. கொஞ்ச தூரம் தண்ணீரில் இறங்கியே போய்விட்டேன். கிட்டே வந்தால் ஏஜெண்ட்டின் ஆள். ஐஸ் இனிமேல் தர முடியாது, தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தவர்.

வெயில் அப்படி. இரண்டு மணி நேரத்தில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீர். சாயங்காலம் மாமா தனியாக வந்து இறங்கினார். அவர் அம்மாவைப் பார்த்து, வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அம்மா நைனாவின் முகத்தில் இருந்த துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, உடனே மூடினாள்.

"எட்த்துடுங்க. இன்மே இத்த புள்ளைக்கி காட்டக் கூடாது."

பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டி எடுத்தான். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, ஈரத் துணியோடு அப்படியே வலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தம்பி வந்தது அதற்கப்புறம் நான்கு நாள் கழித்து. தமிழ் வாத்தியாரே கூட்டிக்கொண்டு வந்தார். ராமேஸ்வரத்தில் இறங்கி ரயிலில் ஏறிய பிறகுதான் அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவன் முகம் வீங்கியிருந்தது. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு கத்தினாள். வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். அம்மாவின் அழுகை கொஞ்சம் அடங்கியதும் பேச ஆரம்பித்தார். தந்தி அன்றைக்கே கிடைத்ததாம். பாஸ்போர்ட் எல்லாருக்கும் ஒன்று என்பதால் ஒரு பையனை மட்டும் பிரித்து அனுப்ப அங்கே ஆபீசில் கேட்டுப் பார்க்க வேண்டும், கஷ்டம்தான், ஆனாலும் முயற்சி செய்திருக்கலாம் என்றார். மறைக்காமல்தான் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியும்மா. ஒத்திகை விஷயமா நான் வந்த அன்னைக்கு இங்க ஒரு அம்மா இறந்துபோயிருந்தாங்க. மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டு, சாயந்தரம் எல்லாரும் வலைக்குப் போயிட்டாங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதனால, எப்படி ஓடிவந்தாலும் பையன் முகம் பார்க்கப் போறதில்லைன்னு நெனச்சேன். அங்கயே சொல்லி அவன அழவெக்க வேணாம், நிகழ்ச்சிய முடிச்சிக்கிட்டே கூட்டிட்டுப் போயிடலாம்னு."

அம்மா தலையைத் தூக்கினாள். அவள் கோபமாகப் பேசவில்லை. ஏதோ விலாசம் கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வெச்சிருந்தோம் சார்."

வாத்தியாருக்கு விளங்கவில்லை. மாமாதான் எல்லாவற்றையும் சொன்னார். ஊர் வலையை மடித்து வைத்தது, ஐஸ், மூன்றாம் நாள் மத்தியானம் வருவான் என்று போட்ட கணக்கு, பொன்னேரி ஸ்டேஷன். வாத்தியார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரியாதே, எனக்குத் தெரியாதே என்று இரண்டு தடவை சொன்னார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்தால் எழுந்து நின்று வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். போகும்போது அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அங்கே பாட்டுக்கு நல்ல பெயர் கிடைத்தது, பெரியவர்கள் எல்லாம் பாராட்டினார்கள் என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்ல வேறு எதுவும் அவரிடம் இல்லை போலிருக்கிறது.

தம்பி மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. நாங்கள் யாரும் நிறுத்தவில்லை, அவனே போகவில்லை. பெரியப்பா படகில் போக ஆரம்பித்தான். ஒரு நாள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒருத்தி, அவன் பின்னால் நிற்பது தெரியாமல், இன்னொருத்தியிடம் சொன்னாள்.

"நாம இங்க கஞ்சி இல்லாம கெடந்தோம். அவன் அங்க மேட ஏறி ஆடிக்கினு இருந்திருக்கான்."

அவன் குடத்தை நிரப்பாமல் வீட்டுக்கு வந்தான். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான். வந்த நாளிலிருந்து நைனாவைப் பற்றி அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டான்.

"அக்கா, மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

"மொத ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சி."

"மூணாம் நாளு மத்தியானம்?"

நைனாவைச் சுற்றியிருந்த ஐஸ் கரைந்துபோனது மத்தியானத்துக்கு அப்புறம்தான். இல்லை, அப்போதே கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நைனாவைப் பற்றிப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"பாத்திருக்கலாம். நைனா மாதிரிதான் இருந்தாரு."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மனசுக்குள் நாளைக் கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. அப்புறம் சொன்னான்.

"அன்னிக்கி மத்தியானம் எங்கள ஆத்தாண்ட இட்டுக்கினு போனாங்க. ஆனை குளிக்கிறத பாத்துக்கினு இருந்தோம். நான் சிரிச்சிக்கினு இருந்தேங்க்கா."