கன்டெய்னருக்குள் ஒரு கொல்லர்

தண்டையார்பேட்டை கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, இறக்குமதியான இயந்திரத்தைப் பார்க்க லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு பொறியாளர் வந்தார். யாரிடமும் சொல்லாமல் அவரைக் கன்டெய்னருக்குள் அழைத்துப் போனேன். உள்ளே ஆளில்லை என்று நினைத்து யாரோ கதவைத் தாழிட்டுவிட்டார்கள்.

கும்மிருட்டு. மே மாத வெயிலில் இரும்புச் சுவர் கொதித்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். என்னைத் தேற்றத்தானோ என்னவோ, அவர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"லெஃபெவ்ர் என்றால் கொல்லன். என் முன்னோர் இரும்படித்தவர்கள். தொழிலே குடும்பப் பெயராகிவிட்டது."

"அப்போ அடிங்க சார்!" என்று அலறினேன்.

பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தார். கை ஓயும் நேரத்தில் வெளியே ஒரு லோடுமேன் குரல் கேட்டது: "யோவ், உள்ள யாரோ கீறாங்கபா!"

இப்போதெல்லாம் வாசலில் ஓர் ஆளை நிறுத்தாமல் நான் கன்டெய்னருக்குள் கால் வைப்பதில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.