சோலாருக்கு அவ்வளவு தெம்பு ஏது?

ரிலேயில் அந்தச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியும்போதெல்லாம் எனக்கு ஒரு கர்வம் வரும். ஓய்வு பெற்றுவிட்ட இப்போதும் அதை நினைத்தால் வருகிறது. மின்பாதையில் கம்பி அறுந்தாலோ கிளை விழுந்தாலோ, கண் இமைப்பதற்குள் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் சின்னப் பெட்டி அது. நெய்வேலி அனல் நிலையப் பாதைகளில் நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட ரிலே ஒன்றுகூட மக்கர் பண்ணியதில்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் கடைசியில் டவுன்ஷிப்பை ஒட்டிச் சோலார் தகடுகள் முளைத்தன. அந்தப் புதிய பாதையின் ரிலேக்களைச் சோதிக்கக் காண்ட்ராக்ட்டில் ஒரு பெண் வந்தார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ். நான் அளவைச் சொல்ல, அவர் கருவியால் அந்த அளவு மின்னோட்டத்தை ரிலேக்குள் விடுவார்; கம்பி அறுந்துவிட்டது என்று நம்பி ரிலே விளக்கை எரித்தால் பாஸ். பர்மனென்ட் ஆட்களான நாங்கள் அவரைக் ‘காண்ட்ராக்ட் மேடம்’ என்போம். ரிப்போர்ட்டில் ‘சோதித்தவர்’ என்ற கட்டத்தில் அவருடைய கம்பெனியின் பெயர்தான் இருக்கும். வழக்கம் அப்படி, யாருக்கும் அது உறுத்தியதில்லை, எனக்கும்தான்.

பாதைக்கு மின்சாரம் ஏற்றுவதற்கு முந்தின நாள். கடைசி ரிலேக்கும் வழக்கமான அளவைக் கொடுத்தோம். விளக்கு எரிந்தது, கையெழுத்தும் போட்டாயிற்று. அவர் மட்டும் வயரைக் கழற்றாமல் நின்றார்.

“சார், நாம குடுத்தது தெர்மல் கரண்ட்டுங்க. சோலாருக்கு அவ்ளோ தெம்பு ஏதுங்க?”

எனக்குச் சுருக்கென்றது. கம்பி அறுந்தால் அனல் நிலைய இயந்திரம் மின்னோட்டத்தை வாரிக் கொட்டும். சோலாரின் இன்வெர்ட்டரோ தன்னைக் காத்துக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக விடும். தெரிந்த விஷயம்தான், ஆனால் என் வாய் பழைய அளவையே சொல்லியிருந்தது.

அதற்குள் அவருடைய கம்பெனி சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். “பாஸான ரிலேவ ஏம்மா நோண்டிக்கினு நிக்கிற? உன்னால லைன் லேட்டாச்சுன்னா, நாளைலேருந்து நீ வர வேணாம்.”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. கை மட்டும் வயரை விடவில்லை. “லைனு காடாம்புலியூர் முந்திரித் தோப்பு மேல போவுதுங்க சார். கீழ ஆளுங்க கொட்ட பொறுக்கிக்கினு இருப்பாங்க. ஒரே ஒரு தடவ பாத்துடலாங்க.”

“போடுங்க” என்றேன். சோலார் தரக்கூடிய அளவுக்குக் குறைத்துக் கொடுத்தார். விளக்கு எரியவில்லை. மறுபடியும் கொடுத்தார். ரிலே தனக்கு ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, நல்ல வேளை என்றிருந்தது.

மேலதிகாரிக்குப் போன் போட்டு, ரிலேயின் செட்டிங்கை மாற்றாமல் லைனில் கரண்ட் ஏற்றக் கூடாது என்றேன். என் கையெழுத்து தப்பு என்றும் சொன்னேன். சூப்பர்வைசரிடம் திரும்பி, இந்த அம்மா வராவிட்டால் மறுசோதனையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் கம்பெனிக்குப் போன் போடப் போய்விட்டார்.

பழைய ரிப்போர்ட்டைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுத் தாளில் எழுத ஆரம்பித்தேன். ‘சோதித்தவர்’ கட்டத்துக்கு வந்தபோது கம்பெனி பெயரை எழுத மனம் வரவில்லை. அவர் பெயரை எழுதப் பேனாவை ஊன்றினேன். ஊன்றியபடியே இருந்தேன். மூன்று மாதமாகத் தினமும் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்.

“உங்க பேரு என்னங்கம்மா?”

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, இனிஷியலோடு தானே எழுதினார்.